மாகரெட்டாவின் தோளில் ஏறிய குச்சிப்பூச்சி

ஹொஹெப்பா செத்து ஆறு வருஷம் கழித்துத்தான் அவன் கல்லறைக்குக் கல் வைக்க முடிந்தது. முதலில் கல்லில் என்ன பொறிப்பது என்று சண்டை. பிறகு நோய்க்காலம் வந்து ஊர் கூட முடியாமல் போனது. அதற்குப் பிறகு எந்தத் தேதி சொன்னாலும் அவன் அக்கா துரியாவுக்கு ஒத்துவரவில்லை. மழை வரும் என்பாள், விருந்துக்கு விலாங்கு கிடைக்காது என்பாள், ஆக்லாந்துச் சொந்தங்களுக்கு லீவு கிடைக்காது என்பாள். கல்லை நட்டு, அதை மூடிய துணியை விலக்கிவிட்டால் தம்பி நிஜமாகவே செத்துப்போய்விடுவான் என்று அவளுக்கு ஒரு பயம். அதை வாய்விட்டுச் சொல்கிற ரகம் இல்லை அவள். ஆகவே தேதிமேல் குறை சொன்னாள்.

இந்த ஜனவரியில் ஒருவழியாகச் சம்மதித்தாள். காலையில் கல்லறைத் தோட்டத்தில் துணி விலகியது, எல்லாரும் மூக்கு வழிய அழுதார்கள். ஹொஹெப்பாவின் மனைவி மாகரெட்டா தலையில் பச்சிலை வளையத்தோடு கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். துரியா வந்து அந்த வளையத்தைக் கழற்றி, ஈரக் கையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“போதும். ஆறு வருஷமா அழுதாச்சு. இனிமே சிரி,” என்றாள்.

அதுதான் முறை. கல் திறந்துவிட்டால் துக்கம் கழிந்தது. அதற்குப் பிறகு அவள் சிரிக்கலாம், ஆடலாம், மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொள்ளலாம். அப்படித்தான் சொல்கிறார்கள். சொல்வதற்கென்ன, வாய்தானே.

மாகரெட்டாவின் சங்கடம் என்னவென்றால், அவள் ஒன்றரை வருஷம் முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அவன் பெயர் திபெனே. வடக்குக் கோடிக்காரன், தேனீ வளர்ப்பவன். வடக்கே மனுக்காப் புதர்கள் பூத்து ஓய்ந்ததும் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு பூவைத் துரத்தியபடியே தெற்கே வருவான். மாகரெட்டா இருக்கும் தரனாக்கிப் பக்கம் கடலோரச் சரிவு முழுக்க மனுக்கா வெள்ளை வெளேரென்று பூக்கிற நேரத்தில் பெட்டிகளை இறக்குவான். மாகரெட்டா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஒருநாள் அவன் லாரி பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. இறங்கிப் போய் வாய்க்கு வந்தபடி திட்டினாள். பஸ் நிறைய இருந்த பிள்ளைகள் கைதட்டின. அவன் தொப்பியைக் கழற்றி, எல்லாத் திட்டையும் கேட்டுவிட்டு, ஒரு டப்பா தேனை நீட்டினான். வாங்கியிருக்கக் கூடாது. வாங்கினாள்.

அன்றிலிருந்து அவன் வரும்போதெல்லாம் லாரி அவள் வீட்டு முன்னால் நிற்காது. பாழடைந்த பால்பண்ணைக் கொட்டகைக்குப் பின்னால் நிற்கும். ஐம்பத்தொன்பது வயசு மனுஷன் முள்வேலி தாண்டி, பேன்ட்டைக் கிழித்துக்கொண்டு காதலியைப் பார்க்க வருவான். முதலில் வேடிக்கையாக இருந்தது. இந்த வருஷம் அவனுக்கு அலுத்துவிட்டது.

“மாகரெட்டா, கல் திறக்கட்டும்னு சொன்ன. சரின்னு இருந்தேன். நாளைக்குத் திறந்துரும். நாளைக்கும் நீ சொல்லலன்னா பெட்டியெல்லாம் வடக்கேயே வெச்சுக்கப் போறேன். இனிமே தெக்க வரமாட்டேன். கோவத்துல சொல்லல. வேலி தாண்ட முட்டி ஒத்துழைக்கல,” என்று முந்தின நாள் சாயங்காலம் சொல்லியிருந்தான்.

“நாளைக்குச் சொல்றேன்,” என்றாள் அவள். சத்தியமாகச் சொல்வதாகத்தான் இருந்தாள்.

இப்போது அந்த ‘நாளைக்கு’ வந்துவிட்டது. கல்லறையிலிருந்து எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். குழியில் சூடுகல் போட்டு வேகவைத்த ஆட்டிறைச்சியும் குமராக் கிழங்கும் மண்வாசனையோடு தட்டுத் தட்டாக வந்துகொண்டிருந்தன. புகைபோட்ட விலாங்கு, பச்சைச் சிப்பி, ரொட்டி, பாலாடை மிதக்கும் புட்டிங். மாகரெட்டா தலைமை மேஜையில் இருந்தாள். விருந்தாளிகள் மேஜையில், வெளியூர்க்காரர்களுக்கு நடுவில், இஸ்திரி போட்ட சட்டையில் திபெனே. தேன் கொண்டுவந்து கொடுத்த நல்ல மனிதர் என்று யாரோ அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவன் ஒரு வாய் சாப்பிட்டு ஒருமுறை அவளைப் பார்த்தான். அவள் ஒவ்வொரு முறையும் உப்பு டப்பாவைப் பார்த்தாள்.

சமையலறைக்குள்ளிருந்து துரியாவின் அதட்டல் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் மாகரெட்டா தட்டில் இருந்த கிழங்கை இன்னும் சின்னதாக நறுக்கினாள். துரியாவுக்கு ஹொஹெப்பா தம்பி மட்டும் இல்லை. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். துக்கம் கழிந்தது என்று முகத்தைத் துடைத்துவிடுவது வேறு, தம்பி உட்கார்ந்த நாற்காலியில் வடக்கத்திக்காரன் ஒருவன் உட்காருவதைப் பார்ப்பது வேறு. அதுவும் கல் திறந்த ஈரம் காயாத இதே நாளில்! அடுத்த மாதம் சொல்லலாமா? ஈஸ்டருக்குச் சொல்லலாமா? இப்படி அவள் மனசுக்குள் தேதியைத் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் எதிர்வரிசையில் இருந்த கிழவர் நிக்கோரா கரண்டியால் மேஜையைத் தட்டினார். ஹொஹெப்பாவுக்குப் பெரியப்பா முறை. ஊரில் அவர் வாயில் விழாதவர்கள் இரண்டே பேர், ஒருத்தர் பாதிரியார், இன்னொருத்தி துரியா.

“ஏய், எல்லாரும் பாருங்கடா! மாகரெட்டா தோள்ல என்ன உக்காந்திருக்கு பாருங்க!”

கறுப்புக் கம்பளிச் சட்டைத் தோளில் விரல் நீளத்துக்கு ஒரு காய்ந்த குச்சி. குச்சி என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் அந்தக் குச்சி, காற்றே இல்லாத கூடத்தில், காற்றில் ஆடுகிற மாதிரி மெல்ல அசைந்தது. குச்சிப்பூச்சி.

கூடம் ஒரே கூச்சலாகிவிட்டது. அது ஒரு பெண்மேல் ஏறினால் அவள் வயிற்றில் பிள்ளை என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. நம்புகிறார்களா என்று கேட்டால் யாரும் நம்புவதில்லை. கேலி செய்யாமல் விட்டவர்களும் யாரும் இல்லை.

“எத்தனை மாசம், தாயி?” என்றார் நிக்கோரா, மிகுந்த அக்கறையோடு.

“மாமா, எனக்கு ஐம்பத்தஞ்சு வயசு.”

“பூச்சிக்கு உன் வயசு தெரியுமா? அது வேலையை அது பாக்குது. அப்பன் யாருன்னு சொல்லு, நாங்க போய் முறையா பேசறோம்.”

பெண்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒருத்தி, தன்னிடம் தொட்டில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள் என்றாள். மாகரெட்டாவுக்கு முகம் கொதித்தது. அப்பன் யாரு என்ற சொல் நேராகத் திபெனே மேஜைக்குப் போய் விழுந்தது போல அவளுக்குப் பதறியது. பதறினவள் வாய் சும்மா இருக்குமா? எழுந்து நின்றுவிட்டாள்.

“மாமா, உங்களுக்கு நம்ம ஊர்ப் பூச்சியைப் பத்தி ஒண்ணும் தெரியல. இதுல ஆம்பளையே கிடையாது! எல்லாம் பொம்பளைதான். தனியா முட்டை போடுது, தனியா குஞ்சு பொரிக்குது, பொறக்கறதும் பொண்ணுதான். யாரு தயவும் வேண்டாம், யாரு குறட்டையும் கேக்க வேண்டாம். நானும் அந்த ஜாதிதான். எனக்கு எந்த ஆம்பளையும் தேவையில்ல!”

கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. மாகரெட்டா தானும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, தப்பித்துவிட்ட நிம்மதியில், அந்தப் பக்கம் பார்த்தாள்.

திபெனே சிரிக்கவில்லை. கரண்டியைத் தட்டில் சத்தமில்லாமல் வைத்தான். காகிதக் கைத்துண்டை இரண்டாக மடித்தான், நாலாக மடித்தான். கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குப் பரவாயில்லை. பஸ்ஸை விட்டுவிட்ட பிள்ளை போல உட்கார்ந்திருந்தான். அடிப்பாவி, என்ன சொல்லித் தொலைத்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் அனஹேரா வந்தாள். துரியாவின் மகள், பல்கலைக்கழகத்தில் பூச்சிகளைப் பற்றிப் படிக்கிறவள். ஆம்பளையே இல்லாத கதையை இரண்டு கோடை விடுமுறையாகச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சொல்லி மாகரெட்டாவின் மண்டையில் ஏற்றியதே அவள்தான். ரொட்டித் தட்டை யார் மடியிலோ வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

“அத்தை, ஆடாதீங்க. அப்படியே நில்லுங்க.”

விரலை நீட்டியதும் பூச்சி தொப்பென்று அவள் உள்ளங்கையில் விழுந்து, கைகால்களை உடம்போடு ஒட்டிக்கொண்டு செத்த குச்சியாகக் கிடந்தது. அனஹேரா அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் புரட்டிப் பார்த்தாள். வால்முனையைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு, லாட்டரி விழுந்தவள் மாதிரி ஒரு கத்தல்.

“அத்தை! இது ஆம்பளை!”

“என்னது?”

“ஆம்பளைப் பூச்சி! எவ்வளவு ஒல்லி பாருங்க, பொம்பளை இதைவிடப் பெருசா, தடியா இருக்கும். வால்ல பிடிக்கறதுக்குக் கொக்கி இருக்கு. ரெண்டு வருஷமா இந்தச் சரிவுல தேடுறேன், ஒண்ணுகூடக் கிடைச்சதில்ல!”

நிக்கோரா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “ஆம்பளையே கிடையாதுன்னு இப்பத்தானே சொன்னா?”

“இங்கதான் கிடையாது, தாத்தா. ஒரே இனம்தான். வடக்க ஆம்பளை பொம்பளை ரெண்டும் இருக்கு. பனியுகம் முடிஞ்சு காடு மெல்ல தெக்க பரவிச்சு. பூச்சியும் கூடவே வந்துச்சு. ஆம்பளை தனியா வந்து என்ன பண்ணும்? செத்துத்தான் போகும். பொம்பளை ஒண்ணே ஒண்ணு வந்தாப் போதும், முட்டை போட்டு ஒரு ஊரையே உண்டாக்கிடும். அதனால தெக்க வரவர பொம்பளைங்க மட்டும் நின்னுட்டாங்க. நம்ம ஊர்ப் பூச்சி செடித்தொட்டில ஒளிஞ்சு இங்கிலாந்துக்கே போயிருக்கு. அங்கயும் ஆம்பளை இல்லாமலே குடும்பம் நடத்துது.”

“அப்ப இவன் இங்க வந்துட்டானே. நம்ம ஊர்ப் பொம்பளைங்க இவனைச் சேத்துக்குவாங்களா?”

“தெரியல தாத்தா. ரொம்பக் காலம் தனியாவே இருந்துட்டா சில இடத்துல உடம்பு மறந்தே போயிடும். ஆம்பளை வந்து பக்கத்துல நின்னாலும் ஒண்ணும் ஆகாது, பழையபடி பொண்ணாத்தான் பொரிக்கும். சில இடத்துல மறக்கல. சேத்துக்கும். அந்தத் தடவை பொரிக்கறதுல பாதி பையன்.”

மறந்தே போயிடும் என்றது மாகரெட்டாவுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் அதற்குமேல் யோசிக்க அனஹேரா விடவில்லை. படிப்பு இருக்கிற அளவுக்கு அந்தப் பெண்ணுக்குச் சூட்சுமம் கிடையாது. பூச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

“வடக்குக் கோடியிலேருந்து இவ்வளவு தூரம் இது நடந்து வர முடியாது. யாரோ வண்டில ஏத்திட்டு வந்திருக்காங்க. மனுக்காப் புதர்ல நின்ன வண்டி. யாருது அது?”

சிரிப்புச் சத்தம் அடுப்பை அணைத்தது போல நின்றது.

அந்தக் கூடத்தில் வடக்குக் கோடியிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர்? ஒருவன். மனுக்காப் புதரில் லாரி நிறுத்துகிறவர்கள்? அதே ஒருவன். தலைகள் ஒவ்வொன்றாக விருந்தாளிகள் மேஜைப் பக்கம் திரும்பின. அங்கே ஒரு கணம் நின்றுவிட்டு மாகரெட்டாவின் கறுப்புச் சட்டைக்குத் திரும்பின. மறுபடி அங்கே போயின. மாகரெட்டாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நேற்றுச் சாயங்காலம் கடற்கரையில் அவன் லாரியில் உட்கார்ந்திருந்தபோது மேலே போட்டிருந்த இந்தக் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் பின்னால் தேன்பெட்டிகள்மேல் போட்டாள். மறந்துவிட்டு வந்தாள். காலையில் கொட்டகைக்குப் பின்னால் அவன்தான் கொண்டுவந்து கொடுத்தான்.

சத்தம் நின்றதும் சமையலறைக் கதவு திறந்தது. கையில் நீளக் கரண்டியோடு துரியா. “என்ன, சோத்துல கல்லா? ஏன் எல்லாரும் வாயடைச்சுப் போயிருக்கீங்க?”

எல்லாரும் தங்கள் தட்டைப் பார்த்தார்கள். நிக்கோராகூட.

நாற்காலி நகர்ந்தது. திபெனே எழுந்தான்.

“என் வண்டில வந்ததுதான் அது. காலையில தேன் டப்பா இறக்குனப்ப இவங்க பக்கத்துல நின்னு வாங்கினாங்க. அப்ப இவங்க மேல தாவியிருக்கும். வேற ஒண்ணுமில்ல. மன்னிச்சுக்கங்க,” என்றான்.

“இது தாவாதே,” என்று ஆரம்பித்தாள் அனஹேரா. “சிறகும் இல்ல. மெதுவா நடந்துதான்...” அத்தையின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. “ஆனா காத்தடிச்சா விழலாம். காலையில நல்ல காத்து,” என்று முடித்தாள், கழுத்துவரை சிவந்துபோய்.

தப்பிக்க வழி திறந்தே இருந்தது, மாகரெட்டா தலையை ஆட்டினால் போதும். ஆமாம், தேன் டப்பா, காற்று. இரண்டு பேர் அவளுக்காகப் பொய் சொல்லிவிட்டார்கள். அதில் ஒருவனை ஐந்து நிமிஷம் முன்னால் அவள் ஊர் நடுவில் நின்று தேவையில்லை என்றிருக்கிறாள். அவனோ அவமானத்தைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு அவளுக்குக் கவசம் பிடித்து நிற்கிறான். இப்படிப்பட்டவனை முள்வேலி தாண்ட விட்டோமே என்று அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆத்திரம் தன்மேல்தான்.

“பொய் சொல்றார்,” என்றாள் மாகரெட்டா.

திபெனே அவளைப் பார்த்தான்.

“காத்துமில்ல, டப்பாவுமில்ல. நேத்து என் சட்டை இவர் வண்டில கிடந்துச்சு. ராத்திரி பூரா கிடந்துச்சு. நானே கழட்டிப் போட்டேன்.” எங்கிருந்தோ ஒரு விசில் வந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. துரியாவை மட்டும் பார்த்தாள். “அண்ணி, ஒன்றரை வருஷமா இவர் வரார். பால்பண்ணைக் கொட்டகைக்குப் பின்னாடி வண்டியை நிறுத்திட்டு வேலி தாண்டி வரார். நான்தான் அப்படி வரச் சொன்னேன். உங்களுக்குப் பயந்து. ஹொஹெப்பாவை மறந்துட்டேன்னு நீங்க நினைச்சிடுவீங்களோன்னு பயந்து. நான் மறக்கல. ஆனா எனக்கு இவர் வேணும். ஆம்பளை தேவையில்லன்னு கொஞ்சம் முன்னாடி சொன்னது பெரிய பொய்.”

துரியாவின் கரண்டி நுனியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது. அவள் மேஜைகளுக்கு நடுவே நடந்து வந்தாள். மாகரெட்டாவைத் தாண்டினாள். விருந்தாளிகள் மேஜைமுன் போய் நின்று திபெனேயை உச்சியிலிருந்து பாதம்வரை அளந்தாள். பேன்ட்டில் முட்டிக்கு மேலே கிழிசலைத் தைத்த தையல் இருந்தது. அதையும் பார்த்தாள்.

“சாப்பிட்டாச்சா?”

“ஆச்சுங்க.”

“புட்டிங்?”

“அதுவும் ஆச்சு.”

“பிறகு இங்க என்ன உக்காந்திருக்க?” என்றாள் துரியா. “உள்ள அண்டா அண்டாவா கழுவாமக் கிடக்கு. எழுந்து வா.”

கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சமையலறைக் கதவைத் தாண்டி எந்த விருந்தாளியையும் துரியா விட்டதில்லை. அமைச்சர் ஒருவர் வந்து தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே நுழையப் பார்த்தபோது நெஞ்சில் கைவைத்துத் தள்ளியிருக்கிறாள். விருந்தாளி சாப்பிடுவான், பாட்டுப் பாடுவான், போவான். கரிப்பிடித்த அண்டாவில் கைவைப்பது வீட்டு மனுஷர்கள் மட்டும்தான்.

திபெனேவுக்கு அது தெரியும். வடக்கிலும் அதே முறைதான். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டான். துரியாவுக்குப் பின்னால், பள்ளிக்கூடத்தில் முதல்நாள் சேர்ந்தவன் மாதிரி, நடந்து போனான். கதவு மூடிக்கொண்டது.

“அது சரி,” என்றார் நிக்கோரா பெருமூச்சோடு, “எனக்கு இன்னொரு புட்டிங் யாரு குடுப்பா?” கூடத்துக்கு மறுபடி உயிர் வந்தது. அனஹேரா ஊறுகாய் ஜாடி ஒன்றைக் காலிபண்ணிப் பூச்சியை அதற்குள் விட்டு, மனுக்காக் கிளை ஒடித்துவர வெளியே ஓடினாள்.

மாகரெட்டா நடந்துபோய்ச் சமையலறைக் கதவை ஒருக்களித்துப் பார்த்தாள். தொட்டிமுன் இரண்டு முதுகுகள். திபெனே பெரிய அண்டாவுக்குள் தோள்வரை இறங்கித் தேய்த்துக்கொண்டிருந்தான். துரியா பக்கத்தில் துண்டோடு நின்று, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தது இவளுக்கு நன்றாகவே தெரிந்தது. உடனே அண்டாவுக்குள் எட்டிப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற குரலில் ஆரம்பித்தாள்.

“என்ன தேய்ப்புடா இது? அடி பூரா அப்படியே இருக்கு. என் தம்பியும் இப்படித்தான், மேலாப்புல தடவிட்டு ஓடிருவான். உன்னை நான் விடமாட்டேன். திரும்பத் தேய்.”

“சரிக்கா,” என்றான் திபெனே.